பதினாறு வயசு, கையில் சர்டிபிகேட் இல்லை: யார் சேர்த்துக்கொள்வார்கள்?

கோடை லீவு நெருங்குவதால் போலிருக்கிறது, இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான், சின்ன வயசில் சேவை செய்ய எங்கே போவது என்பதைத்தான், சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதனால் மாமியார் சண்டை, முடி கொட்டுவது, வீட்டு வாடகை எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள், அதனால் யார் பெயரையும் போடவில்லை.

அக்கா, எனக்கு 16 வயது, திருமங்கலத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். லீவில் ஏதாவது சேவை செய்யலாம் என்று மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கும் போன் போட்டேன். ஒரு இடத்தில் 18 வயசு ஆகட்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் "என்னம்மா படிச்சிருக்க, நர்சிங்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். எங்கள் பள்ளியில் என்.எஸ்.எஸ். கிடையாது. எனக்கு கம்ப்யூட்டர்கூட சரியாகத் தெரியாது, கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். என்னை யாராவது சேர்த்துக்கொள்வார்களா, இல்லை டிகிரி முடித்துவிட்டுத்தான் வரணுமா?

கையெழுத்து மட்டும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய், நான் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பார்வை இல்லாத மாணவர்களும் கையால் எழுத முடியாதவர்களும் பரீட்சை எழுதும்போது, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தர ஓர் ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்று சொல்வார்கள். இந்த வேலைக்குப் பெரிய படிப்பு படித்தவர் ஆகமாட்டார். பரீட்சை எழுதுகிறவரைவிட எழுதித்தருகிறவர் படிப்பில் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் விதி, இல்லையென்றால் பதிலை இவரே போட்டுவிடுவார் என்ற பயம். பி.ஏ. பரீட்சைக்கு எம்.ஏ. முடித்தவர் போய் உட்கார முடியாது, பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு பிளஸ் ஒன்னில் இருக்கிற நீ உட்காரலாம். டிகிரி முடித்துவிட்டு வந்தாயானால் இந்தக் கதவு உனக்குப் பாதி மூடியிருக்கும்.

ஆனால் லேசான வேலை என்று நினைக்காதே. ஒரு மணி நேரப் பரீட்சைக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள், அதனால் மூன்று மணி நேரப் பரீட்சை உனக்கு நான்கு மணி நேரம். கேள்வியைத் தெளிவாக வாசிக்க வேண்டும், கேட்டால் மறுபடி வாசிக்க வேண்டும், அவர் சொல்வது தப்பு என்று உனக்குத் தெரிந்தாலும் அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும், முகத்தில்கூட இல்லை குரலில்கூட "ஐயோ" என்று காட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்து நிற்பது. நீ கல்யாண வீட்டுக்குப் போய்விட்டால் அங்கே ஒருவருக்கு ஒரு பேப்பர் போச்சு. கல்லூரிக்குக் கல்லூரி நடைமுறை கொஞ்சம் மாறும், முன்கூட்டியே பெயர் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். செமஸ்டர் பரீட்சை ஏப்ரலில் வந்துவிடும் என்பதால் இப்போதே கேட்க ஆரம்பி.

எங்கே கேட்பது? அழகர்கோவில் ரோட்டில் சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, பார்வையிழந்த ஒருவரே, எஸ்.எம்.ஏ. ஜின்னா, 1985-ல் தொடங்கியது. அங்கே பள்ளிக்கூடமும் உண்டு. மதுரைக் கல்லூரிகளிலும் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள், அவர்களுடைய வகுப்பு ஆசிரியர்களைக் கேட்டால் ஆள் தேவையா என்று சொல்லிவிடுவார்கள். பரீட்சை இல்லாத நாட்களில் பாடப் புத்தகத்தை வாசித்து போனில் பதிவு செய்து கொடுக்கிற வேலையும் இருக்கும். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், சத்தமில்லாத அறையும் திருத்தமான உச்சரிப்பும் போதும். ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசு, வேர்க்கும், பரவாயில்லை.

சரி, அந்த ஆஸ்பத்திரி விஷயம். வார்டுக்குள் 16 வயதுப் பிள்ளையை விடமாட்டார்கள், விடவும் கூடாது. நோய்த்தொற்று இருக்கிறது, நோயாளியின் அந்தரங்கம் இருக்கிறது, உனக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்ற கேள்வியும் இருக்கிறது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வேலை எல்லாம் ஆஸ்பத்திரிக்குள்ளேதான் நடக்கிறது என்று நினைப்பதுதான் சிக்கல். கண் முகாமை எடுத்துக்கொள். ரிட்டயர் ஆன டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று இந்த அளவுக்கு வளர்ந்ததில் ஊர் ஊராகப் போய் நடத்திய இலவச முகாம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முகாமில் கண்ணைப் பார்க்கிறவர்கள் ஆஸ்பத்திரி ஆட்கள். ஆனால் இடம் பிடிப்பது, ஊரில் சொல்வது, பந்தல், குடிதண்ணீர், நாற்காலி இதெல்லாம் உள்ளூரில் முகாமை ஏற்று நடத்துகிறவர்கள் பொறுப்பு. லயன்ஸ் சங்கம், ரோட்டரி, கோவில் கமிட்டி, ஏதாவது ஒரு டிரஸ்ட் என்று யாராவது இருப்பார்கள். நீ போய்க் கேட்க வேண்டியது அவர்களை. ஊருக்குள் முகாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தால் கீழே அமைப்பின் பெயர் இருக்கும், அதைப் பார்.

அங்கே உனக்கு என்ன வேலை என்றால், பெயர், வயது, ஊர் எழுதிச் சீட்டுக் கொடுப்பது (மறுபடியும் கையெழுத்து!), பிறகு அந்தப் பாட்டியை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கூட்டிப்போவது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிய வைத்த பிறகு கொஞ்ச நேரத்துக்குக் கண் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். படி இருக்கிறது என்று சொல்லிக் கையைப் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் போனால் அந்த அம்மா விழுந்துவிடுவார். டாக்டருக்கு அதற்கு நேரமில்லை. ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களை பஸ்ஸில் ஏற்றும்போது "என் பை எங்கே, என் செருப்பு எங்கே, மகனுக்குச் சொல்லிட்டீங்களா" என்று ஒரே சத்தமாக இருக்கும், அதையெல்லாம் கேட்டுப் பதில் சொல்ல ஒரு பொறுமைசாலி தேவை.

இனிமேல் எங்கே கேட்டாலும் போனில் கேட்காதே. "நான் சேவை செய்யணும், ஏதாவது இருக்கா" என்று போனில் ஒரு சின்னக் குரல் கேட்டால் எடுத்தவர் இல்லை என்றுதான் சொல்வார், ஏனென்றால் உனக்கு வேலை கண்டுபிடிப்பது அவருக்கு இன்னொரு வேலை. அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு ஒரு செவ்வாய், புதன் காலை பதினொரு மணி வாக்கில் நேரில் போ. ஞாயிற்றுக்கிழமை போனால் பொறுப்பானவர் இருக்கமாட்டார். போய், "மே மாசம் முடியற வரைக்கும் வாரத்தில் ரெண்டு நாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் வருவேன், பதிவேடு எழுதுவேன், புத்தகம் அடுக்குவேன், கூட்டிப் பெருக்கச் சொன்னாலும் சரி, இது அம்மா நம்பர்" என்று சொல். இப்படி நாளும் நேரமும் வேலையும் சொல்லிக் கேட்கிற பிள்ளையை அனுப்பிவிட மனசு வராது. ஊர்க் கிளை நூலகத்தில் இதைச் சொல்லிப் பார். பல கிளை நூலகங்களில் ஒரே ஒரு ஆள்தான் எல்லாம் பார்க்கிறார், கலைந்த புத்தகத்தை எண் பார்த்து அடுக்க யாராவது வந்தால் கும்பிடுவார். வாசகர் வட்டம் இருந்தால் அதில் சேர்ந்துகொள், குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிற வேலை அப்படித்தான் கைக்கு வரும். மதுரைக்கு வர முடிகிற நாட்களில் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலும் நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் பெரிய இடங்களில் அனுமதி மேலே போய்த்தான் வரும், தாமதமாகும். ஊர் நூலகம்தான் முதலில்.

மேலூர் பக்கம் ஒரு கிராமம், வயது 17. எனக்குப் புதியவர்களிடம் பேசவே வராது. பேசாமல் செய்கிற மாதிரி சேவை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது தம்பி, உன் வீட்டுப் பக்கத்திலேயே. அரிட்டாபட்டி மலையை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அப்புறம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் உங்கள் பக்கம் மொத்தமும் தெருவில் இறங்கியதும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் உனக்கே தெரியும், நீயே அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பாய். ஓர் இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசிடம் பேசப் போகும்போது அங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கிறது. அரிட்டாபட்டி அறிவிப்பில் ஏறக்குறைய 250 வகைப் பறவைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், வல்லூறும் கழுகும் உட்பட. யாராவது வெயிலில் நின்று, வாயை மூடிக்கொண்டு, பார்த்து எழுதினால்தான் இப்படி ஒரு கணக்கு வரும். உனக்கென்றே செய்த வேலை.

இ-பேர்ட் என்று ஒரு ஆப் இருக்கிறது, இலவசம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் அதில் போட வேண்டும். காகமும் மைனாவும்தான் வந்தது என்றால் அதையே போடு, அதுவும் கணக்குதான், அபூர்வமானதை மட்டும் போடுவது கணக்கைக் கெடுத்துவிடும். பெயர் தெரியாத பறவைக்கு ஊகத்தில் பெயர் வைக்காதே, விட்டுவிடு. ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்க நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதற்குள் உங்கள் கண்மாய்ப் பறவைகள் உனக்குப் பழகியிருக்கும். இப்போது வலசை வந்தவை கிளம்பிவிடும், கண்மாயும் காய்ந்து கிடக்கும், அதனால் ஊர்ப் பறவைகளில் ஆரம்பிப்பது சுலபம். கூட்டுக்குக் கிட்டே போகாதே, கூட்டைப் படம் எடுத்துப் போடவே போடாதே. கிணற்று மேட்டிலும் பாறை விளிம்பிலும் தனியாக ஏறுகிற வேலையும் வேண்டாம்.

ஆடி கழிந்ததும் பனம்பழம் விழ ஆரம்பிக்கும். விதையைப் பொறுக்கி மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையில் ஊன்றுகிற குழுக்கள் நம் பக்கம் நிறைய உண்டு, அதில் போய் நின்றால் யாரும் உன்னைப் பேசச் சொல்லமாட்டார்கள், குழி தோண்டத்தான் சொல்வார்கள். ஊர்க் கண்மாயில் விவசாயிகள் சங்கம் இருக்கும், எந்த இடத்தில் ஊன்றலாம் என்று அவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடு, மடைக்குப் பக்கத்தில் ஊன்றிவிட்டு வாங்கிக்கட்டிக்கொள்ளாதே.

கோவில் பிடிக்கும் என்றால் உழவாரப் பணிக் குழுக்கள். அப்பர் சுவாமிகள் கையில் உழவாரம் ஏந்தி நின்ற காலத்திலிருந்து வருகிற பழக்கம், இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சிவன் கோவில்களில் புல் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். வயது கேட்கமாட்டார்கள். கல்வெட்டு இருக்கிற சுவரில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்று சொல், பேச வராவிட்டாலும் இதற்குப் பேசு.

வெளியே போகவே முடியாத நாட்களுக்குத் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகம் இருக்கிறது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள், இயந்திரம் எழுத்தை வாசித்ததில் தப்பு மலிந்து கிடக்கிறது. பக்கத்தின் படத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்தைத் திருத்த வேண்டும், மெய்ப்புப் பார்ப்பது என்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் செய்தாலும் போதும், போனிலேயே முடியும், கொஞ்சம் கண் வலிக்கும்.

மேடம், நான் வில்லாபுரத்தில் இருக்கிறேன். 15 வயது மகள் ஞாயிறுதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ போக வேண்டும் என்கிறாள். அனுப்பப் பயமாக இருக்கிறது. தடுத்தால் அழுகிறாள். என்ன செய்வது?

உங்கள் பயம் சரி, அவள் ஆசையும் சரி. இரண்டில் முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் இல்லத்தில் வெளியாட்களைச் சுலபமாக விடமாட்டார்கள், விடாத இல்லம்தான் நல்ல இல்லம். அங்கே இருக்கிற பிள்ளைகள் ஏற்கெனவே ஒருமுறை யாராலோ விடப்பட்டவர்கள். நான்கு வாரம் வந்து கொஞ்சிவிட்டு ஐந்தாம் வாரம் காணாமல் போகிற அக்கா அவர்களுக்கு வேண்டாம். பிறந்தநாளுக்கு கேக்கோடும் கேமராவோடும் வந்து இறங்குகிற கூட்டத்தைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. இன்னொன்று, அந்தக் குழந்தைகளின் படத்தை அடையாளம் தெரியும்படி வெளியிடுவது 2015-ன் சிறார் நீதிச் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டும் சேர்ந்தோ விதிக்கலாம். ஸ்டேட்டஸ் போடுகிற பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதியோர் இல்லத்துக்கு முதல் இரண்டு வாரம் நீங்களும் கூடவே போங்கள். பதிவு பெற்ற இல்லமா என்று வாய்விட்டே கேளுங்கள், முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் ஒரு தோழியோடு சேர்த்து அனுப்புங்கள். நாலு பேர் நடமாடுகிற கூடத்தில்தான் உட்கார வேண்டும், தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் இல்லை, அது பாட்டியாக இருந்தாலும், இல்லத்தில் வேலை பார்க்கிறவராக இருந்தாலும், கூட வருகிற இன்னொரு தன்னார்வலராக இருந்தாலும். தூக்குவது, குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவள் வேலை இல்லை. "ஏ.டி.எம்.ல பணம் எடுத்துட்டு வா பாப்பா, நம்பர் சொல்றேன்" என்று ஒரு தாத்தா பாசமாகக் கேட்பார். வேண்டாம். நாளைக்கு நூறு ரூபாய் குறைந்தால் பிள்ளையின் தலையில் விழும்.

அப்படியென்றால் என்னதான் செய்வாள்? தினத்தந்தியைச் சத்தமாக வாசிக்கலாம். தாயம் ஆடலாம், தோற்கத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தரலாம். ஒரே கதையை ஆறாவது முறையாகக் கேட்கும்போதும் முதல் முறை மாதிரி "அப்புறம்?" என்று கேட்கலாம். உள்ளே நடப்பது ஏதாவது உறுத்தலாக இருந்தால் அன்று ராத்திரியே உங்களிடம் வந்து சொல்கிற அளவுக்கு வீட்டில் பேச்சு இருக்கட்டும். 1098 சிறுவர் உதவி எண், 18 வயதுக்குள் இருக்கிற உங்கள் மகளுக்கும் சேர்த்துத்தான்.

முன்பணம், பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் காசு என்று கேட்கிற அமைப்பு எதுவாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிடுங்கள். தன்னார்வலர் என்று பெயர் வைத்துக் கடையிலோ ஆபீஸிலோ காலையிலிருந்து சாயங்காலம் வரை சம்பளம் இல்லாமல் வேலை வாங்குகிறவர்களையும்தான். அது சேவை இல்லை, கூலி மிச்சம்.

சேவை செய்ததற்கு சர்டிபிகேட் கொடுப்பார்களா? இன்ஜினியரிங் சேர அது உதவுமா? (வயது 17, உசிலம்பட்டி)

கேட்டால் கொடுப்பார்கள். இன்ஜினியரிங் கலந்தாய்வில் பார்ப்பது கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்துப் போடுகிற 200-க்கான கட்-ஆஃப், அதில் இந்தக் காகிதத்துக்கு ஒரு மார்க்கும் இல்லை. அதற்காகத்தான் என்றால் அந்த நேரத்தில் கணக்கு போடு, நான் தப்பாகவே நினைக்கமாட்டேன்.

எனக்கு 17 வயது, 60 கிலோ. ரத்தம் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது, 18 ஆகட்டும். பொய் சொல்லிக் கொடுக்காதே. முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறவர்களுக்கு ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, தலை சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவர்கள் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று உடனே பைக்கை எடுப்பார்கள், விடாதே.

செல்லூரில் இருக்கிறோம், நாங்கள் நான்கு நண்பர்கள், எல்லாருக்கும் 15 வயது. சித்திரைத் திருவிழாவில் ஏதாவது செய்ய முடியுமா?

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். 2022-ல் ஆற்றுக்குள் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள், அது போலீஸ் பார்க்கிற வேலை. உங்கள் தெருவிலேயே நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள், அதில் டம்ளர் கழுவுகிற ஆள் எப்போதும் குறைவு, மோர் ஊற்றத்தான் போட்டி. சாயங்காலம் பந்தலைச் சுற்றிக் கிடக்கிற பேப்பர் கப்பைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிற வேலைக்கு யாருமே இருக்கமாட்டார்கள்.

அதற்கு முன்னால் மீனாட்சி கல்யாணத்துக்கு முந்தின நாள் சேதுபதி பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். திருக்கல்யாண விருந்துக்கு அங்கேதான் காய் நறுக்குவார்கள், மலை மலையாகக் கொட்டிக் கிடக்கும், யார் வேண்டுமானாலும் உட்காரலாம், என்ன படித்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கத்தியை வீட்டிலிருந்து கொண்டுபோவது உத்தமம், துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். வெங்காயப் பக்கம் உட்காராமல் பூசணிக்காய்ப் பக்கமாகப் பார்த்து இடம் பிடியுங்கள். திரும்ப நேரமாகும், யாராவது ஒருவனுடைய அப்பாவை வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.